மேசன் காங்கோ

ஒற்றை இலைக்காகவே விலை கொடுத்து வாங்கப்படும் செடிகள் அதிகம் இல்லை. 'வேல் ஃபின்' என்ற பெயரில் நர்சரிகளில் விற்கும் செடி அவற்றில் ஒன்று. தொட்டியின் நடுவில் மண்ணைப் பிளந்துகொண்டு ஓர் இலை நேராக நிற்கும். வெளியே தெரியும் தண்டு கிடையாது, கிளை கிடையாது. நன்றாக வளர்ந்த செடியில் அந்த இலை 25 செ.மீ. வரை அகலமும் மூன்று, நான்கு அடி உயரமும் காணும். கரும்பச்சைப் பரப்பில் வெளிர்பச்சைத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஓடும். இலை குறுகி மண்ணைத் தொடும் இடத்தில் ஊதா நிறப் பட்டைகள் குறுக்காக வரிந்திருக்கும். நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும் திமிங்கலத்தின் துடுப்பு இது என்று யாரோ சொல்ல, கடைத்தெருவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வரவேற்பறைகளிலும் வங்கி வாசல்களிலும் நாம் நன்றாக அறிந்த ஸ்னேக் பிளான்ட்டுக்கு இது நெருங்கிய உறவு. ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்து கிளம்பி, ஓர் ஆங்கிலேய விவசாயியின் கண்ணாடிக் குடில் வழியாக, அறிவியல் பெயர் ஏதும் இல்லாமல் பல ஆண்டுகள் கைமாறி, 2000ஆம் ஆண்டில்தான் தாவரவியல் ஏட்டில் ஏறியது. அந்தப் பயணத்தில் அது ஒன்றைப் பெற்றது, ஒன்றை இழந்தது. பெற்றதைப் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. இழந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் இதன் பிறந்த கதை முழுமையாகும் என்று நினைக்கிறேன்.

இலையில் எழுதிய ஊர்

ஒரு செடி எங்கே பிறந்தது என்பதை அறிய ஏடுகளுக்குப் போகும் முன் அதன் உடம்பைப் பார்க்க வேண்டும். சான்செவீரியா என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இந்தச் செடிக் கூட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் பிறந்தவை. அரேபியா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை என்று ஓரங்களிலும் சில உண்டு. இலை வடிவத்தில் இவ்வளவு வேறுபடும் கூட்டத்தைக் காண்பது அரிது. அங்கோலாவின் காய்ந்த நிலத்தில் வளரும் ஓர் இனத்தின் இலை முழுக்க உருளையானது, ஈட்டிக் கம்பாக நிற்கும். வேறு சில இனங்களுக்கு வாள் வடிவம். இன்னும் சிலவற்றுக்குப் படகோட்டும் துடுப்பின் தலை போன்ற அகலம்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் தண்ணீரும் வெயிலும் இருக்கின்றன. உருளை வடிவம் குறைந்த மேற்பரப்பில் அதிக நீரை அடைத்து வைக்கிறது. நிழலே இல்லாத வறண்ட நிலத்தில் அதுதான் பிழைக்கும் வழி. மரங்களுக்கு அடியில் வாழும் செடிக்கு நிலைமை வேறு. அங்கே ஈரம் ஓரளவு நிற்கும், வெளிச்சம்தான் பற்றாக்குறை. மேலே கிளைகள் வடிகட்டி அனுப்பும் துண்டு வெளிச்சத்தைப் பிடிக்கத் தட்டையான, விரிந்த இலை வேண்டும். நம் அகல இலைச் செடியின் உடம்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இலை தடித்திருப்பதால் நீரைச் சேமிக்கவும் தெரியும், விரிந்திருப்பதால் நிழலில் வாழவும் தெரியும். ஜன்னல் ஓரத்து அரைவெளிச்சத்தில் இது ஏன் சலிக்காமல் நிற்கிறது என்பதற்கு அந்த மரத்தடி வாழ்க்கையே காரணம். உச்சி வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகுவதற்கும் அதுவே காரணம்.

இலை வளரும் விதமும் கவனிக்க வேண்டியது. மண்ணுக்கடியில் தடித்த கிழங்குத் தண்டு ஒன்று படுத்தபடி ஊர்கிறது. அதன் முனையிலிருந்து புது இலை வாழைக் குருத்து போலச் சுருண்டு மேலே வந்து, பிறகு மெதுவாக விரிகிறது. ஒரு முளைக்கு ஓர் இலை, மிஞ்சினால் இரண்டு. நல்ல முதிர்ச்சி வந்தபின் வெளிர்நிறப் பூக்கள் கொத்தாக எழும். இந்தக் கூட்டத்துச் செடிகளின் பூக்கள் அந்தி சாயும்போது விரிந்து இரவில் மணப்பவை. விட்டில்களை அழைக்கும் ஏற்பாடு அது. பூத்து முடித்த முளை மேற்கொண்டு இலை விடாது. கிழங்கு மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த முளையைத் தொடங்கும்.

இரவுக்கும் இந்தச் செடிக் கூட்டத்துக்கும் இன்னோர் உறவும் உண்டு. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்குகின்றன. அந்த நேரத்தில் நீரும் ஆவியாகிப் போகிறது. சான்செவீரியாக்கள் பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து, வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றி இலைக்குள் வைத்து, பகல் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்துச் சர்க்கரையாக்குகின்றன. இந்த வழிமுறைக்குத் தடம் காட்டிய பழைய பதிவுகளில் ஒன்று மதராஸோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. இதை அவர் லண்டனின் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். 1815இல் அது அச்சேறியது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதைத்தான் அவர் நாக்கு கண்டுபிடித்திருந்தது.

உறவுக்காரர்கள்

காங்கோச் செடிக்கு நம் ஊரிலும் ஒரு தங்கை இருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் வளரும் மருள்தான் அது. சங்கப் பாடல்கள் அதை மரல் என்கின்றன. இறந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லில் மரல் நாரால் தொடுத்த கண்ணியைச் சூட்டும் காட்சி புறநானூற்றில் உண்டு. அந்த நார் வலுவானது. வில்லுக்கு நாண் கட்டப் பயன்பட்டதால் ஆங்கிலேயர் இந்தச் செடிகளை 'வில்நாண் சணல்' என்று குறித்தார்கள். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் மக்கள் இதே நாரை நாணாகவும் கயிறாகவும் வலையாகவும் திரித்துப் பயன்படுத்தினார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு நிலத்து மக்கள் ஒரே கூட்டத்துச் செடியிடம் ஒரே உதவியைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் அபாக்கா நார் கிடைக்காமல் போனபோது, அமெரிக்க அரசுகூட ஃபுளோரிடாவில் சான்செவீரியாவைப் பயிரிட்டு நார் எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தது.

ஐரோப்பிய ஏடுகளில் இந்தக் கூட்டம் நுழைந்த கதை குழப்பமானது. 1753இல் லின்னேயஸ் தமக்குத் தெரிந்த சான்செவீரியாவைக் கற்றாழை வகையில் சேர்த்தார். 1787இல் வின்சென்சோ பெத்தன்யா என்ற இத்தாலியத் தாவரவியலாளர் இதற்குத் தனிப் பேரினம் வகுத்து, தென் இத்தாலியில் தோட்டம் வைத்திருந்த சான்செவெரினோ என்ற பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1794இல், ஸ்வீடனின் துன்பெர்க் 'சான்செவீரியா' என்று எழுதினார். அந்த எழுத்துதான் நிலைத்தது. 1915இல் கியூ தாவரவியல் பூங்காவின் என். இ. பிரவுன், அதுவரை தெரிந்த எல்லா இனங்களையும் திரட்டி ஒரே நூற்கட்டுரையாக வெளியிட்டார். வில்நாணாகவும் கயிறாகவும் ஆப்பிரிக்கர் கையில் வாழ்ந்த செடி, ஐரோப்பியப் பிரபு குடும்பத்தின் பெயரை அணிந்துகொண்டு உலகம் சுற்றத் தொடங்கியது இப்படித்தான்.

அகல இலை கொண்ட இனங்கள் அதற்கு முன்பே ஐரோப்பியர் கண்ணில் பட்டிருந்தன. சோமாலிலாந்திலிருந்து கியூவுக்கு வந்த ஒன்றை 1903இல் ஜோசப் ஹூக்கர் 'கிராண்டிஸ்', அதாவது பெரியது, என்று பெயரிட்டு வண்ணப்படத்தோடு வெளியிட்டார். ஆனால் நம் கதையின் செடி அப்போது காட்டிலேயே இருந்தது.

காங்கோவிலிருந்து முதலில் வந்தது

இன்று உலகெங்கும் பரவலாக விற்கும் ஸ்னேக் பிளான்ட், மஞ்சள் விளிம்பு கொண்ட 'லாரன்டீ'. அதுவும் காங்கோவைச் சேர்ந்ததுதான். எமில் லோரன் என்ற பெல்ஜியத் தாவரவியலாளர் 1903, 1904 ஆண்டுகளில் காங்கோவில் பயணம் செய்தபோது, இன்று கிசங்கானி என்று வழங்கும் ஸ்டான்லிவில் பகுதியில் அதைக் கண்டெடுத்தார். திரும்பி வரும் வழியில் 1904இல் கப்பலிலேயே இறந்துபோனார். அந்த ஆண்டே எமில் டெ வில்டெமான் அந்தச் செடிக்கு லோரனின் பெயரைச் சூட்டினார்.

அதே 1904ஆம் ஆண்டில் காங்கோவைப் பற்றி வேறொன்றும் அச்சானது. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை அது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்தாக இருந்த அந்த நாட்டில் ரப்பர் பால் சேகரிக்க மக்களை எப்படி வதைத்தார்கள், கிராமங்கள் எப்படி வெறுமையாயின, கைகள் எப்படி வெட்டப்பட்டன என்று அவர் நேரில் கண்டதையும் கேட்டதையும் எழுதியிருந்தார். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 1908இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. 1960இல்தான் விடுதலை கிடைத்தது.

லோரன் ரப்பர் கங்காணி இல்லை, அவர் தாவரங்களைத் தேடிப் போனவர். ஆனாலும் அவர் கண்டெடுத்த செடியும் கேஸ்மென்ட்டின் அறிக்கையும் ஒரே நாட்டிலிருந்து ஒரே காலத்தில் வந்தவை. ஒன்று நம் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது, மற்றது நூலக அடுக்கில் தங்கிவிட்டது. ஒரு செடி கப்பலேறிய துறைமுகத்தில் வேறு என்னவெல்லாம் ஏற்றப்பட்டது என்று கேட்பது செடியின் கதையிலிருந்து விலகுவதாகாது.

ஃபின்ச்சம் கிராமத்துக் கண்ணாடிக் குடில்கள்

நம் அகல இலைச் செடியை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் மாரிஸ் மேசன். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஃபின்ச்சம் என்ற கிராமத்தில் வாழ்ந்த விவசாயி. தொழில் வேளாண்மை, உயிர் செடிகளின்மீது. தால்பட் மேனர் என்ற தம் பண்ணை வீட்டில் கண்ணாடிக் குடில்களைக் கட்டி, வெப்ப நாடுகளின் செடிகளை வளர்த்தார். வெறுமனே விலைக்கு வாங்கி நிரப்பியவர் அல்லர். தாமே காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் பயணம் போய்ச் செடிகளைத் திரட்டி வந்தார். தாவரவியல் பூங்காக்களோடு செடி கொடுத்து வாங்கும் உறவும் அவருக்கு இருந்தது.

அவர் பெயரை ஏற்கெனவே தாங்கி நின்ற செடி ஒன்று உண்டு. 1952இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிலிருந்து ஒரு பிகோனியாவை அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். சொரசொரப்பான பச்சை இலையின் நடுவில் கரும்பழுப்பில் சிலுவைக் கோலம் போட்டது போன்ற இலை. 'அயர்ன் கிராஸ்' என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றது. 1959இல் எட்கர் இர்ம்ஷர் அதற்கு 'பிகோனியா மேசோனியானா' என்று பெயரிட்டார். சிங்கப்பூர் அதன் சொந்த ஊர் இல்லை, அங்கும் அது தோட்டத்துச் செடியாகவே இருந்தது. தென் சீனாவும் வட வியட்நாமும்தான் அதன் பிறந்த மண் என்பது பிறகு தெரியவந்தது.

காங்கோவில் மேசன் திரட்டிய செடிகளில் அகல இலைச் சான்செவீரியாவும் ஒன்று. அவருடைய குடிலிலிருந்து அது பிற வளர்ப்பாளர்களின் கைக்குப் போனது. அது எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த இனத்துக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. தொட்டியில் குத்தி வைக்கும் பெயர்க் குச்சியில் எழுத ஏதாவது வேண்டுமே. கொண்டுவந்தவரையும் கொண்டுவந்த இடத்தையும் சேர்த்து 'மேசன் காங்கோ' என்று எழுதினார்கள். அடுத்த பல ஆண்டுகள் அந்த இரண்டு சொற்கள்தான் அதன் முழு அடையாளம்.

கைமாறிய ஆண்டுகள்

பெயரில்லாமல் ஒரு செடி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது வளர்ப்பாளர்களின் பொறுமையால். இது வேகமாக விற்றுத் தீரும் சரக்கு இல்லை. பெருக்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கிழங்கில் பக்கமுளை வந்தால் வெட்டிப் பிரித்து நடலாம், ஆனால் முளை வர நாளாகும். இலையைத் துண்டு போட்டு, வெட்டிய இடம் காய்ந்தபின் மண்ணில் செருகலாம். முதலில் வேர் வரும், பிறகு மாதக்கணக்கில் எதுவும் தெரியாது, கடைசியில் துண்டின் அடியிலிருந்து சின்ன முளை எட்டிப் பார்க்கும். கடைகளில் ஒற்றை இலையோடு விற்கும் பல தொட்டிகள் இப்படிச் செருகிய இலைகள்தான். வாங்கியவர் பார்க்கும் இலை வளராது. வளரப்போவது மண்ணுக்கடியில் இருக்கிறது.

இலைத் துண்டிலிருந்து வரும் செடி தாயின் அச்சு அசலான நகல். விதையில் நடக்கும் கலப்பு இதில் கிடையாது. ஒருவர் தம் செடியிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தந்தால், கொடுத்தவர் வீட்டிலும் வாங்கியவர் வீட்டிலும் அதே செடிதான் வளர்கிறது. மேசன் காங்கோ நாடு விட்டு நாடு போனது இந்த வகையில்தான். ஆர்வலர்கள் தங்களுக்குள் கொடுத்தும் வாங்கியும் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். தாவரவியலுக்கு அவர்கள் செய்த தொண்டு சிறியதல்ல. அவர்கள் கைவிட்டிருந்தால் பெயரிடுவதற்கே செடி இருந்திருக்காது.

நகல் விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அது நர்சரிக்காரர்கள் நன்றாக அறிந்தது. மேசன் காங்கோவில் மஞ்சள் கீற்றுகள் ஓடும் ஓர் அபூர்வ வகை இருக்கிறது. அதன் விலை மிக அதிகம். ஆசைப்பட்டு அதன் இலையைத் துண்டு போட்டு நட்டால் வருவது சாதாரணப் பச்சைச் செடி. லாரன்டீயின் மஞ்சள் விளிம்பும் இப்படியே மறைந்துபோகும். இந்த இலைகளில் பச்சையம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் தனித்தனி அடுக்குகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கிழங்கைப் பிரித்து நடும்போது வளர்முனை அடுக்குகளோடு சேர்ந்தே போகிறது, மஞ்சளும் கூடவே போகிறது. இலைத் துண்டிலோ புது முளை பெரும்பாலும் உள்ளிருக்கும் பச்சை அடுக்கிலிருந்து பிறக்கிறது. ஆகவே மஞ்சள் கீற்று வேண்டுமென்றால் கிழங்கைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன் விலை ஏறி நிற்பதற்கு இந்த மெதுவான பெருக்கமே காரணம்.

ஏட்டில் ஏறிய நாள்

2000ஆம் ஆண்டில், சான்செவீரியாக்களைப் பற்றித் தனி நூல்கள் எழுதிய ஹுவான் சஹினியன், அமெரிக்காவின் கள்ளி, சதைத்தாவர ஆய்விதழில் இந்தச் செடியைப் புது இனமாக விவரித்தார். 'சான்செவீரியா மேசோனியானா' என்று பெயரிட்டார். ஐம்பதுகளில் பிகோனியாவுக்குக் கிடைத்த அதே மரியாதை, அதே மனிதர் வழியாக, இதற்கும் கிடைத்தது. குச்சியில் எழுதிய அடையாளம் போய், விவரணையும் அச்சும் கொண்ட பெயர் வந்தது. இனி உலகில் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் இந்தச் செடியைப் பற்றி எழுதினால் மற்றவருக்குப் புரியும்.

அந்தப் பெயரும் நீடிக்கவில்லை. டிஎன்ஏ ஆய்வுகள் சான்செவீரியாக்கள் தனிப் பேரினம் போலத் தோன்றினாலும் உண்மையில் டிரசீனா பேரினத்தின் நடுவிலிருந்து கிளைத்தவை என்று காட்டின. யேமனின் சொகோத்ரா தீவில் குடை விரித்து நிற்கும், வெட்டினால் செந்நிறப் பிசின் கசியும் டிராகன் மரமும் டிரசீனாதான். தொட்டியில் ஒற்றை இலையோடு நிற்கும் செடியும் மலைமீது நிற்கும் அந்த மரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2018இல் பிங், கிறிஸ்டன்ஹஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் இதை முறைப்படி 'டிரசீனா மேசோனியானா' என்று மாற்றினார்கள். நர்சரிகள் இன்னும் பழைய பெயரை விடவில்லை. இரண்டு பெயரிலும் தேடினால் ஒரே செடிதான் கிடைக்கும்.

சொல்லப்படும் பெருமைகள்

பிறந்த கதை என்று வந்துவிட்டால், பிறகு ஒட்டிக்கொண்ட கதைகளைப் பிரித்து வைப்பதும் கடமை. ஸ்னேக் பிளான்ட் என்றாலே "காற்றைச் சுத்தம் செய்யும், இரவிலும் ஆக்சிஜன் தரும்" என்று விற்கிறார்கள். முதல் கூற்றின் வேர் 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. விண்கலம் போன்ற மூடிய இடங்களை மனதில் வைத்து, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். அதில் லாரன்டீயும் இருந்தது. வீடு அடைத்த பெட்டி இல்லை. 2019இல் வெளியான மறுஆய்வு ஒன்று பழைய சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தது. சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடாக வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஒரு ஜன்னலைத் திறந்தால் போதும்.

இரவு ஆக்சிஜன் கூற்றும் பாதி புரிந்துகொண்ட உண்மை. இந்தச் செடிகள் இரவில் வாங்குவது கரியமில வாயுவை. ஆக்சிஜன் உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும், அது பகல் வேலை. ஹெய்ன் மென்று அறிந்த புளிப்பின் கணக்கு இங்கேயும் அதேதான். சப்போனின் என்ற வேதிப்பொருள் இருப்பதால் நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் அவை கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் விளம்பரங்களில் அதிகம் வருவதில்லை.

இந்தச் செடிக்குப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. ஒற்றை இலையில் நிழலையும் வறட்சியையும் ஒருசேரச் சமாளிக்கும் ஏற்பாடு, இரவில் மூச்சு விடும் ஒழுங்கு, அரைவெளிச்சத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பொறுமை ஆகிய மூன்றும் போதும் ஒருவர் அதை மதித்து வளர்ப்பதற்கு. தண்ணீர் விஷயத்திலும் அதன் ஊரை நினைத்துக்கொண்டால் தவறு வராது. மண் முழுக்கக் காய்ந்தபின் ஊற்றினால் போதும். அன்பின் மிகுதியில் தினமும் ஊற்றுபவர்களின் கையில்தான் இது அழுகிச் சாகிறது.

விடுபட்ட ஊர்

குச்சியில் எழுதிய பெயரையும் ஏட்டில் ஏறிய பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'மேசன் காங்கோ' என்பதில் ஒரு மனிதரும் ஒரு நாடும் இருந்தார்கள். 'மேசோனியானா'வில் மனிதர் மட்டும் தங்கிவிட்டார். சஹினியன் செய்ததில் பிழை ஏதுமில்லை. கண்டெடுத்தவரின் பெயரைச் சூட்டுவது நெடுநாள் மரபு, மேசன் அந்த மரியாதைக்கு முழுத் தகுதி உடையவர். ஆனால் அந்த மாற்றத்தோடு ஒரு மறதியும் சேர்ந்து நிகழ்ந்தது. வியாபாரப் பெயரான வேல் ஃபின்னில் கடல் இருக்கிறது, திமிங்கலம் இருக்கிறது, காங்கோ இல்லை. இன்று இந்தச் செடியைக் கையில் ஏந்திப் படம் எடுப்பவர்களில் பலருக்கு அது ஆப்பிரிக்கச் செடி என்பதே தெரியாது.

இந்த மறதிக்கு விலை உண்டு. 1992இல் உலக நாடுகள் உயிர்ப்பன்மை ஒப்பந்தத்தை எழுதியபோது ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டன: ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் உரிமைக்கு உட்பட்டது, அதிலிருந்து வரும் பயனில் அதற்குப் பங்கு வேண்டும். 2010இல் எழுதி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கை அதற்கு விதிகள் வகுத்தது. அதற்கு முன்பே நாடு விட்டு வெளியேறிய செடிகளுக்கு இந்த விதிகள் பொதுவாக எட்டுவதில்லை. லாரன்டீயும் மேசோனியானாவும் அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்பவை. நர்சரிகள் பெருக்கி விற்கும் செடிகளின் தாயகமான காங்கோவுக்கு அந்த வணிகத்திலிருந்து எதுவும் திரும்பிப் போவதில்லை.

சட்டத்தால் இதை இப்போது சரிசெய்ய முடியாது. அறிவால் கொஞ்சம் சரிசெய்யலாம். பிகோனியா மேசோனியானாவைச் சிங்கப்பூர்ச் செடி என்று விட்டுவிடாமல் அதன் பிறந்த மண்ணைத் தேடியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் அந்த இலையின் ஊர் இன்று வரைபடத்தில் இருக்கிறது. அதே அக்கறை காங்கோவின் அகல இலைக்கும் வேண்டும். அந்தக் காடுகளில் வேலை செய்யும் காங்கோ நாட்டுத் தாவரவியலாளர்களுக்குப் பயணச் செலவும் ஆய்வுக் கருவியும் கிடைத்தால், தொட்டிகளில் பார்த்துப் பழகிய செடியை அதன் சொந்த நிழலில் எழுதி வைக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. எந்த மரத்தடியில் நிற்கிறது, எந்த விட்டில் அதன் பூவைத் தேடி வருகிறது, அந்தப் பகுதி மக்கள் அதன் நாரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பவையெல்லாம் அங்கே போய்த்தான் கேட்க வேண்டிய கேள்விகள். இந்தச் செடியால் வருமானம் பார்க்கும் பெரிய பெருக்குக் கூடங்கள் அந்த வேலைக்குக் கை கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வாங்குபவர்களாகிய நம்மால் முடிந்தது எளிது. நர்சரியில் செடி வாங்கும்போது, இது எந்த நாட்டுச் செடி என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். தொட்டியில் பெயர் எழுதும் வழக்கம் உள்ளவர்கள் டிரசீனா மேசோனியானா என்பதற்குக் கீழே காங்கோ என்றும் எழுதுங்கள். நண்பருக்கு ஓர் இலைத்துண்டு வெட்டித் தரும்போது அந்த ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். பெயரில்லாத காலத்தில் இந்தச் செடியைக் காப்பாற்றிய வளர்ப்பாளர்கள் தங்கள் குச்சிகளில் அதைத் தவறாமல் எழுதினார்கள். பெயர் கிடைத்துவிட்ட காலத்தில் நாம் அதை விட்டுவிட எந்தக் காரணமும் இல்லை.